டிவிடியை எம்பி4 ஆக்கியாச்சுன்னா டிஸ்கை எடைக்குப் போட்டுடலாமா?

கேள்வி | 9 ஜனவரி 2025, இரவு 10.40 | நாணமேடு, கடலூர்

புயலுக்கு அப்புறம் தென்பெண்ணைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து போனதுல பீரோ அடித்தட்டுல இருந்த டிவிடி எல்லாம் நனைஞ்சுபோச்சு. அக்கா கல்யாணம், அப்பாவோட அறுபதாம் கல்யாணம், பையன் காதுகுத்து எல்லாம் அதுல இருக்கு. ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற மென்பொருள் போட்டு ஒவ்வொண்ணா எம்பி4 ஆக்கிட்டிருக்கேன். 4 ஜிபி இருந்தது 700 எம்பிக்கு வந்துடுது, போன்ல நல்லாத்தான் தெரியுது. முடிஞ்சதும் டிஸ்கை எல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். டிஸ்கை அப்படியே ஒரே கோப்பா, ஐஎஸ்ஓவா எடுத்து வைன்னு நண்பர் ஒருத்தர் சொல்றார். இந்தக் காலத்துல அது வெட்டி வேலைதானே?

9 ஜனவரி, இரவு 11.25 | லாஸ்பேட்டை, புதுச்சேரி

எடைக்குப் போடாதீங்க தம்பி. முதல்ல ஒண்ணு பாருங்க. ஹேண்ட்பிரேக்ல டிஸ்கைத் திறந்ததும் மேல "டைட்டில்"னு ஒரு பட்டியல் வரும். அதுல எத்தனை வரி இருக்கு? ஸ்டுடியோக்காரங்க பெண் அழைப்பு ஒரு டைட்டில், முகூர்த்தம் ஒரு டைட்டில், ரிசப்ஷன் ஒரு டைட்டில்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. அந்த மென்பொருள் தானா எடுத்துக்கிறது முக்கியமான ஒரே ஒரு டைட்டிலை. பெரும்பாலும் நீளமானது எதுவோ அது. 4 ஜிபி 700 எம்பி ஆனதுக்குச் சுருக்கினது மட்டும் காரணமா இருக்காது. பாதிக் கல்யாணம் இன்னும் டிஸ்க்லயே கிடக்கும்.

10 ஜனவரி, காலை 6.15

ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுதினது. இப்ப விவரமா.

நகல் எடுக்கிறது வேற, மாத்துறது வேற. ஒரே பட்டனை அமுக்கினா ரெண்டும் நடந்துடுதுங்கிறதால நமக்கு வித்தியாசம் தெரியறதில்ல. டிவிடியைத் திறந்தா உள்ளே வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர். அதுல விஓபிங்கிற கோப்புகள்லதான் படமும் சத்தமும் இருக்கு. ஒரு கோப்பு 1 ஜிபியைத் தாண்டாது, அதனாலதான் ஒண்ணு ரெண்டு மூணுன்னு துண்டு துண்டா இருக்கும். எந்தக் காட்சி எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு ஐஎஃப்ஓ கோப்பு சொல்லும். பியூபி அதோட மாற்றுப் பிரதி. படம் எம்பெக்-2ங்கிற சுருக்கு முறையில இருக்கு. "பால்"ங்கிற நம்ம ஊர் டிவி முறையில 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம்.

இதை ஒரு பிட் கூட மாறாம ஒரே கோப்பா உருவி வெச்சா அது ஐஎஸ்ஓ. மெனு இருக்கும், மெனுவுக்குப் பின்னாடி திரும்பத் திரும்ப ஓடற நாதஸ்வரம் கூட இருக்கும். எம்பி4 ஆக்கும்போது எம்பெக்-2வை அவிழ்த்துட்டு ஹெச்.264ங்கிற வேற சுருக்கு முறையில புதுசா எழுதுது. அப்படி எழுதும்போது கொஞ்சம் போகும். போனது திரும்பாது.

மாவு கையில இருந்தா இட்லி ஊத்தலாம், தோசை சுடலாம், புளிச்சுப்போனா பணியாரம் ஊத்தலாம். இட்லியை மறுபடி மாவாக்க முடியாது. ஐஎஸ்ஓதான் மாவு.

இடத்துக்குக் கணக்குப் பாக்காதீங்க. 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல முழுசா நிரம்பின 4.7 ஜிபி டிஸ்க் 200க்கு மேல பிடிக்கும். எந்த வீட்டுல 200 விசேஷம் நடந்திருக்கு?

10 ஜனவரி, இரவு 9.50

தம்பியோட டிஸ்க்ல மூணு டைட்டில் இருந்துச்சாம். "நலங்கு எங்கடான்னு அக்கா போன்ல கேட்டது இதுதானா"ன்னு எழுதியிருக்கார். இதேதான்.

11 ஜனவரி, மதியம் 2.30

நனைஞ்ச டிஸ்க் பத்தித் தனியா கேட்டிருக்கீங்க. நாங்க லாஸ்பேட்டை மேட்டுல இருக்கிறதால தப்பிச்சோம். நாத்தனார் வீடு ரெயின்போ நகர். ஃபெங்கல் புயல் கரை கடந்த அந்த நவம்பர் 30 ராத்திரியில 24 மணி நேரத்துக்கு 48 செ.மீ. கொட்டிச்சே, அதுல அவங்க டிவி ஸ்டாண்டோட கீழ்த்தட்டு முழுகிடுச்சு. அவங்க டிஸ்க் பை அப்படியே என் தலையில வந்து விழுந்தது. அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

சேறு காய்ஞ்சிருந்தா துடைக்கவே துடைக்காதீங்க. அதுல இருக்கிற மணல் உப்புத்தாள் மாதிரி இழுத்துடும். நல்ல தண்ணியில போட்டு ஊறவிட்டு அலசுங்க. பேப்பர் கவர் ஒட்டிக்கிட்டிருந்தா பிய்க்காம அதோட சேர்த்தே ஊறவைங்க, தானா விடும். அப்புறம் பழைய வேட்டித் துணியால நடுவுலேர்ந்து விளிம்பைப் பாத்து நேரா ஒத்தி எடுங்க. தட்டு துடைக்கிற மாதிரி சுத்திச் சுத்தித் துடைக்கக் கூடாது. தரவு சுருளா ஓடுது. வட்டமா ஒரு கீறல் விழுந்தா அது சுருளோடயே போய் தொடர்ச்சியா நிறைய இடத்தைத் தின்னுடும். குறுக்கே விழுந்த கீறலை டிஸ்க்லயே இருக்கிற பிழைதிருத்தம் சமாளிச்சுடும். தின்னர், நகப்பூச்சு அழிக்கிற திரவம் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் வெளுத்து மங்கிடும். நிழல்ல காய வைங்க. எம்டி டிஸ்க் வாங்கி எழுதினதுல தரவுங்கிறதே ஒரு சாயப் பூச்சுதான். அதுக்கு வெயில் எமன்.

இன்னொண்ணு. டிவிடியில தரவு இருக்கிற அடுக்கு ரெண்டு 0.6 மி.மீ. தகடுக்கு நடுவுல இருக்கு. சிடியில அப்படிக் கிடையாது. பேர் எழுதற பக்கத்துக்கு நேர் கீழே ஒரு பூச்சு மட்டும்தான் காப்பு. அதனால சிடி, விசிடியில பளபளப் பக்கத்தை விட மேல்பக்கத்தைத்தான் பத்திரமா பாத்துக்கணும். பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட ஸ்டிக்கர் நனைஞ்சு தொங்குதுன்னு உரிச்சீங்கன்னா கூடவே படமும் உரிஞ்சு வந்துடும்.

13 ஜனவரி, காலை 5.40

போகி. தெருவுல பழசு எல்லாம் எரியுது. எதிர்வீட்டுக்காரர் சாக்குல ஒரு கட்டு சிடி கொண்டுவந்து கொட்டப் பாத்தார். பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீங்கன்னு வாங்கி வெச்சுட்டேன். இப்ப எங்க வீட்டுல இன்னொரு கட்டு.

18 ஜனவரி, இரவு 8.20

"டிஸ்க் பாதியில நின்னுடுது, கம்ப்யூட்டர் திணறுது"ன்னு நாணமேட்டுத் தம்பி கேட்டதுக்கு. இது நீளமா போகும்.

முதல் சந்தேகம் டிஸ்க் மேல இல்ல, டிரைவ் மேல வைங்க. இப்ப விக்கிற ஒல்லி யூஎஸ்பி டிரைவ் லேப்டாப் கொடுக்கிற 5 வோல்ட்டுலயே ஓடணும். முன்பக்க யூஎஸ்பியில மாட்டினா கரண்ட் பத்தாம திணறும். பழைய டெஸ்க்டாப்புல இருந்து கழட்டின கனமான டிரைவ் இருந்தா அது பல நேரம் நல்லா படிக்கும். எங்க ரிசப்ஷன் டிஸ்கைப் பையனோட ஒல்லி டிரைவ் தொடவே மாட்டேன்னுடுச்சு. சர்வீஸ் கடையில தூசு படிஞ்சு கிடந்த பழைய டெஸ்க்டாப் டிரைவை வாங்கி மாட்டினதும் முனகிக்கிட்டே படிச்சுது. சிடி படிக்குது, டிவிடி மட்டும் படிக்கலைன்னாலும் டிஸ்கைத் திட்டாதீங்க. சிடிக்கு 780 நேனோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒண்ணு மங்கிப்போய் இன்னொண்ணு நல்லா இருக்கிறது சகஜம்.

அதுக்கும் அசையலைன்னா டிடிரெஸ்க்யூ. லினக்ஸ்ல ஓடற இலவச மென்பொருள். பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுலேர்ந்து கூட ஓட்டலாம். சாதாரண காப்பி மோசமான இடத்துல முட்டிக்கிட்டு அங்கேயே நிக்கும். இது அந்த இடத்தைக் குறிச்சு வெச்சுட்டு நல்லா இருக்கிறதை எல்லாம் முதல்ல அள்ளிக்கும். அப்புறம் விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வந்து பொறுமையா மோதும். எதைப் படிச்சோம், எது பாக்கின்னு ஒரு மேப் கோப்புல எழுதி வைக்கும். இதுல அருமையான விஷயம், டிஸ்கை வேற டிரைவ்ல போட்டு அதே மேப் கோப்பைக் கொடுத்தா பாக்கி இருக்கிற துண்டை மட்டும் தேடும். ஒரு டிரைவுக்குத் தெரியாத இடம் இன்னொண்ணுக்குத் தெரியும். ரிசப்ஷன் டிஸ்க்ல கடைசியா மிச்சம் இருந்த ஓட்டை எல்லாம் அப்படித்தான் அடைஞ்சுது.

அடையாம ஒண்ணு ரெண்டு நின்னாலும் பரவாயில்ல. டிவிடியில பிழைதிருத்தம் 16 செக்டரா (செக்டர்னா தரவோட ஒரு சின்னத் துண்டு) சேர்த்துச் செய்யறாங்க, மொத்தம் 32 கேபி. அந்தக் கட்டு படிக்கலைன்னா நொடிக்கு 6 மெகாபிட் ஓடற படத்துல ஏறக்குறைய ஒரு ஃபிரேம் போகும். ஆனா எம்பெக்-2ல எல்லா ஃபிரேமும் முழுப் படம் கிடையாது. முன்னாடி வந்ததுலேர்ந்து என்ன மாறிச்சுன்னு மட்டும் எழுதின ஃபிரேம்தான் அதிகம். பால் டிவிடியில அதிகபட்சம் 15 ஃபிரேமுக்கு ஒரு முழுப்படம் வரும். அதுவரைக்கும், அரை நொடி போல, கட்டம் கட்டமா சிதறித் தெரியும். தாலி கட்டற அந்த அரை நொடியா இல்லாத வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க.

ஹேண்ட்பிரேக்கை நேரா டிஸ்க் மேல ஓட்டினா இந்த மாதிரி இடத்தைச் சத்தமில்லாம தாண்டிப் போயிடும். அது எழுதி வைக்கிற லாக்ங்கிற பதிவுக் கோப்பைத் திறந்து பாத்தாத்தான் தெரியும். யார் திறக்கிறாங்க?

19 ஜனவரி, காலை 10.05

"வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்க்ல போட்டாப் போதாதா?" நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஒருத்தர்.

வீட்டு விசேஷ டிஸ்க்னா போதும், அதுல காப்பியைத் தடுக்கிற பூட்டு எதுவும் கிடையாது. நல்ல டிஸ்கா இருந்தா ஐஎஸ்ஓவுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா விஓபியை மட்டும் எடுத்துட்டு ஐஎஃப்ஓவை விட்டுடாதீங்க. விஓபியைத் தனித்தனியா மாத்தினா ஒட்டற இடத்துல உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். விண்டோஸ்ல ஐஎஸ்ஓ எடுக்க இம்க்பர்ன்ங்கிற மென்பொருள் போதும். எதை இறக்கினாலும் அதோட சொந்தத் தளத்துலேர்ந்து இறக்குங்க. நிறுவும்போது டிக் போட்டிருக்கிறதை எல்லாம் படிச்சுட்டு "அடுத்து" அமுக்குங்க.

26 ஜனவரி, மாலை 4.45

மேல "ஐஎஸ்ஓ, ஐஎஸ்ஓ"ன்னு பாடினதுக்கு ஒரு விலக்கு இருக்கு: விசிடி. 2000க்கு முன்னப் பின்ன கல்யாணம் ஆனவங்க எல்லாம் இதைப் படிங்க.

சாதாரண சிடி செக்டர்ல 2048 பைட் தரவு, மிச்சத்துல பெரும்பகுதி பிழைதிருத்தம். விசிடியில படத்துக்கு அந்தக் கூடுதல் பிழைதிருத்தத்தை எடுத்துட்டு 2324 பைட் படத்தையே வெச்சிருக்காங்க. அதனாலதான் 700 எம்பி சிடியில 80 நிமிஷப் படம் பிடிச்சுது. 2048 கணக்குல எழுதற ஐஎஸ்ஓவுக்குள்ள அது அடங்காது. பின்/கியூன்னு ஜோடியா வர்ற கோப்பா எடுக்கணும். இம்க்பர்னே டிஸ்கைப் பாத்துட்டு அப்படித்தான் எடுத்துக் கொடுக்கும்.

எம்பெக்ஏவி ஃபோல்டர்ல டேட்னு (டிஏடி) முடியற கோப்பை இழுத்துப் போட்டாலும் விஎல்சிங்கிற வீடியோ பிளேயர்ல ஓடும். கீறல் இருந்தா காப்பி பாதியில செத்துடும், அவ்வளவுதான். படம் 352க்கு 288தான். அதை 4கே ஆக்கித் தர்றேன்னு சொல்ற மென்பொருளுக்குக் காசு கட்டாதீங்க. மூஞ்சியில மெழுகு தடவின மாதிரி வரும். எங்க பெரிய மாமனார் ஒருத்தரை அடையாளமே தெரியலைன்னு மாமியார் டிவியை அணைக்கச் சொல்லிட்டாங்க.

27 ஜனவரி, இரவு 11.10

அந்த மாமியார் கதையைக் கேக்கறாங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. மொய் நோட்டுல ஒருத்தர் பேர் இருக்கு, ஆள் வந்தாரா இல்ல கொடுத்தனுப்பினாரான்னு இருபது வருஷமா ஒரு வழக்கு. வீடியோவுல பாத்துத் தீர்ப்பு சொல்லணுமாம். பந்திக் காட்சி எல்லாம் ஓட்டிப் பாத்தாச்சு. வந்திருக்கார். ரெண்டாவது பந்தியில, கேமரா பக்கம் திரும்பாம.

2 பிப்ரவரி, மதியம் 12.30

பாண்டிக்காரங்களுக்குன்னே ஒரு தலைவலி: பிரான்ஸ்லேர்ந்து வர்ற டிஸ்க். வீட்டுக்கு ஒருத்தராவது அங்க இருக்காங்க, வரும்போது டிஸ்கும் வரும்.

கடையில வாங்கின படத்துல எந்த நாட்டுல ஓடணும்னு ஒரு ரீஜன் எண் இருக்கும். பிரான்ஸ் டிஸ்க்னா அது ரீஜன் 2. இந்தியா ரீஜன் 5. கம்ப்யூட்டர் டிரைவ் ரீஜனை மாத்தவான்னு கேக்கும். சரின்னு அமுக்கறதுக்கு முன்ன யோசிங்க, மொத்தமே 5 தடவைதான் மாத்த முடியும். கடைசியா வெச்சது அதுக்கப்புறம் அப்படியே நின்னுடும். எங்க பையன் பொழுது போகாம அதை மாத்தி மாத்தி விளையாடி இப்ப அந்த லேப்டாப் டிரைவ் நிரந்தரமா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிடுச்சு.

வீட்டுல எடுத்த டிஸ்குக்கு ரீஜன் தொல்லை கிடையாது. வேற தொல்லை. 2005 வாக்குல கேமராவுக்குள்ளேயே 8 செ.மீ. குட்டி டிவிடி போட்டு எடுத்தாங்க, 1.4 ஜிபி, நல்ல தரத்துல 20, 30 நிமிஷம் பிடிக்கும். எடுத்து முடிச்சதும் டிஸ்கை மூடி முடிக்கறதுக்குக் கேமராவுல "ஃபைனலைஸ்" கொடுக்கணும். பாதிப் பேர் கொடுக்கலை. கொடுக்காத டிஸ்கைக் கம்ப்யூட்டர்ல போட்டா காலி டிஸ்க்னு காட்டும், ஃபார்மட் பண்ணவான்னு விண்டோஸ் ரொம்ப மரியாதையா கேக்கும். வேண்டாம்னு சொல்லுங்க. டிவிடி-ஆர்டபிள்யூவா இருந்தா அந்த ஒரு அமுக்குல எல்லாம் போயிடும். அந்தக் கேமரா இன்னும் உயிரோட இருந்தா சார்ஜர் தேடிப் பிடிச்சு அதுலயே ஃபைனலைஸ் பண்றதுதான் சுலபம். கேமரா இல்லைன்னா ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள் மூடாத டிஸ்கையும் தோண்டிப் பாக்கும்.

குட்டி டிஸ்கை வாய் மாதிரி உள்ளே இழுத்துக்கிற டிரைவ்ல போடவே போடாதீங்க. வெளிய வராது. தட்டு நீட்டற டிரைவ்ல, நடுக்குழியில.

3 பிப்ரவரி, காலை 7.00

சினிமா டிவிடியைக் காப்பி பண்றது குற்றமான்னு ரெண்டு பேர் கேட்டாச்சு. நான் வக்கீல் இல்ல, சட்டப் புத்தகத்துல இருக்கிறதைச் சொல்றேன்.

1957 பதிப்புரிமைச் சட்டத்துல பிரிவு 52, தனிப்பட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறல்னு சொல்லலை. 2012 திருத்தத்துல 65ஏ சேர்ந்துச்சு. உரிமையை மீறுற நோக்கத்தோட தொழில்நுட்பப் பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு. அந்தப் பிரிவுல "நோக்கத்தோட"ங்கிற சொல்லு இருக்கு, அதைச் சேர்த்துப் படிங்க. நான் காசு கொடுத்து வாங்கின டிஸ்கை என் வீட்டு ஹார்ட் டிஸ்க்ல வெச்சுப் பாக்கறதுக்கும், காப்பி போட்டுத் தெருவுல விக்கிறதுக்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் போட்டுக் கொடுக்கிறதில்லைங்கிறது என் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாலும் டிஸ்கை இரவல் தருவேன்.

சினிமா டிவிடியில இருக்கிற பூட்டுன்னா சிஎஸ்எஸ், அதோட சாவி வெறும் 40 பிட். 1999லயே டெசிஎஸ்எஸ்னு ஒரு நிரல் அதைத் திறந்துடுச்சு. நார்வேயில யான் லெக் யோஹான்சன்னு 15 வயசுப் பையன் மேல அதுக்காக வழக்கு போய் 2003ல விடுதலை ஆனான். இன்னிக்கு விஎல்சிக்காரங்களோட லிப்டிவிடிசிஎஸ்எஸ் அந்த வேலையைச் செய்யுது. ஹேண்ட்பிரேக் தன்கூட அதை வெச்சுக்கலை. அதனாலதான் சில படம் திறந்தா பச்சையும் ஊதாவுமா கலங்கித் தெரியுது, மென்பொருள் கெட்டுப்போனதால இல்ல.

உண்மையைச் சொன்னா சினிமா டிஸ்குக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்ல. 2007ல மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு இறக்கினப்போ மூட்டையா வாங்கிக் குவிச்சவ நான். அதுல பாதிப் படம் இப்ப அதைவிட நல்ல தரத்துல வேற வழியில கிடைக்குது. காதுகுத்து எங்கயும் கிடைக்காது. நேரம் இருக்கிறதை அதுக்குச் செலவு பண்ணுங்க.

9 பிப்ரவரி, மாலை 6.30

இப்ப மாத்துற வேலைக்கு வருவோம். ஐஎஸ்ஓ எடுத்தாச்சு, ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வெச்சாச்சு. ஒண்ணு தங்கச்சி வீட்டுல, திருப்பாப்புலியூர்ல. ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா வெள்ளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கல்யாண வீடியோ எல்லாம் இன்டர்லேஸ். நொடிக்கு 25 ஃபிரேம்னு எழுதியிருந்தாலும் உண்மையில 50 பாதிப்படம்: ஒத்தைப்படை வரி ஒரு நேரம், இரட்டைப்படை வரி நொடியில 50ல ஒரு பங்கு தள்ளி. பழைய குண்டு டிவி அதை அப்படியே காட்டிச்சு, கண்ணுக்கு வழுக்கிக்கிட்டு போச்சு. கம்ப்யூட்டர்ல ரெண்டு பாதியையும் ஒண்ணாக் காட்டும்போது அசையற இடத்துல சீப்புப் பல் மாதிரி கோடு வரும். குழந்தை குறுக்கே ஓடினா, தவில்காரர் கை வீசினா அப்படியே சிலும்பும்.

ஹேண்ட்பிரேக் சும்மா விட்டா டீகோம்ப்ங்கிற வடிகட்டி போட்டு ரெண்டு பாதியையும் சேர்த்து 25 ஆக்கிடும். கோடு போயிடும், வழுக்கலும் போயிடும். நான் அந்த வடிகட்டியில "பாப்"ங்கிற அமைப்பை வைக்கிறேன். ஒவ்வொரு பாதியும் தனிப்படமா விரிஞ்சு நொடிக்கு 50 வரும். ஃபிரேம் ரேட்டை 30க்குள்ள கட்டிப் போட்டிருக்கும், அதை எடுத்துட்டு 50 ஆக்கணும். இல்லைன்னா பாப் வெச்சும் பிரயோஜனமில்ல. முதல் தடவை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டினப்போ பையனே "அம்மா, இது லைவ் மாதிரி இருக்கு"ன்னான்.

எல்லாம் செஞ்சும் படம் முன்னும் பின்னுமா உதறுதுன்னா பாதிகளோட வரிசை மாறியிருக்கு. பால் முறையில எடுத்த டிஜிட்டல் வீடியோ டேப்புல கீழ்ப்பாதி முதல்ல வரும். எடிட்டிங்ல மேல்பாதி முதல்ன்னு குறிச்சிருந்தா ரெண்டு அடி முன்ன, ஒரு அடி பின்னன்னு எல்லாரும் ஒயிலாட்டம் ஆடுவாங்க. அதை டிஸ்க் மேல திருத்த முடியாது. ஐஎஸ்ஓ இருந்தா வேற அமைப்புல திரும்ப மாத்திப் பாக்கலாம். இதுக்குத்தான் மாவு, மாவுன்னு கத்தினேன்.

தரம்: ஹெச்.264 எழுதற எக்ஸ்264, ஆர்எஃப்ங்கிற தர எண் 18லேர்ந்து 20 (எண் குறைய குறைய தரம் கூடும்). சத்தத்துக்கு ஏஏசி. அகல உயரத்தைக் கையால தொடாதீங்க, தானா இருக்கட்டும். டிவிடியோட புள்ளி சதுரம் இல்ல. 4:3 படம் 768 அகலத்துல விரியணும், அகலத் திரைன்னா 1024. 720லயே நிறுத்தினா எல்லாரும் ஒரு சுத்து இளைச்சுடுவாங்க. 4:3ஐ இழுத்து டிவி முழுக்கப் பரப்பினா நேர்மாறு. அண்ணி அதைப் பாத்துட்டு "நான் அப்பவே இவ்ளோ குண்டா"ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க.

9 பிப்ரவரி, இரவு 9.15

50 ஃபிரேம், ஆர்எஃப் 18 வெச்சா சில டிஸ்க் 2 ஜிபியைத் தாண்டுது. பழைய டேப் வீடியோவுல இரைச்சல் அதிகம், மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்துல இன்னும் அதிகம், மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் முக்கியம்னு நினைச்சு எழுதும். 700 எம்பிக்கு அடக்கணும்னு ஆசைப்படாதீங்க.

16 பிப்ரவரி, மதியம் 3.00

யோசிச்சுப் பாத்தா இவ்வளவு அமைப்பு எல்லாருக்கும் தேவையில்ல. மேக்எம்கேவின்னு ஒண்ணு இருக்கு. டிஸ்கையோ ஐஎஸ்ஓவையோ கொடுத்தா டைட்டில் ஒவ்வொண்ணையும் மறுபடி எழுதாம அப்படியே எம்கேவி உறைக்குள்ள மாத்திப் போட்டுடும். தரம் போகாது, சில நிமிஷத்துல முடிஞ்சுடும். எம்பெக்-2 அப்படியே இருக்கிறதால கோப்பு பெரிசு. வேலை முடிஞ்சாப் போதும்னு இருக்கிறவங்க ஐஎஸ்ஓ ஒண்ணு, எம்கேவி ஒண்ணு எடுத்து வெச்சுட்டு, போனுக்கு அனுப்பணும்னு வரும்போது மட்டும் ஹேண்ட்பிரேக் பக்கம் போங்க.

22 பிப்ரவரி, இரவு 10.00

யூடியூப்ல ஏத்திட்டா டிஸ்கும் வேண்டாம் ஹார்ட் டிஸ்கும் வேண்டாம்னு பண்ருட்டி நண்பர். ஏத்திப் பாருங்க. நம்ம கல்யாண வீடியோ எல்லாத்துலயும் பின்னணியில சினிமாப் பாட்டுத்தான். மாலை மாத்தி முடிக்கறதுக்குள்ள உரிமைக் கோரிக்கை வந்து நிக்கும். சில பாட்டுக்கு வீடியோவையே மறைச்சுடும். அதுவும் இல்லாம அங்க போற படம் இன்னொரு தடவை சுருங்கும். வாட்ஸப்பும் அப்படித்தான், வீடியோவா அனுப்பினா நசுக்கிடும். டாக்குமென்ட்டா இணைச்சா 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும்.

1 மார்ச், காலை 11.20

ஹெச்.264க்கு அடுத்து வந்த ஹெச்.265 வெச்சா பாதி சைஸ்தானேன்னு கேட்டவருக்கு: பாதி வராது, இந்த இரைச்சலான படத்துக்கு அவ்வளவு மிச்சம் பிடிக்கலை. எங்க ஹால் டிவி அந்தக் கோப்பைப் பாத்து "ஆதரவு இல்லை"ன்னுது. மாமியார் ரூம் டிவி சத்தம் மட்டும் போட்டுது. ஹெச்.264ஐ ரெண்டும் மறுபேச்சில்லாம ஓட்டுது. புது டிவி, புது போன் மட்டும் இருக்கிற வீடுன்னா உங்க இஷ்டம்.

1 மார்ச், இரவு 8.50

நாணமேட்டுத் தம்பிக்கு. 32 ஜிபி பென் டிரைவ் காலியா இருக்கு, ஐஎஸ்ஓ ஏற மாட்டேங்குதுன்னா அது ஃபேட்32ங்கிற பழைய முறையில ஃபார்மட் ஆகியிருக்கு. அதுல ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, உங்க டிஸ்க் அதைத் தாண்டினது. உள்ள இருக்கிறதை வேற இடத்துக்கு மாத்திட்டு எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணுங்க. ஆனா பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அதனால டிவிக்குன்னு ஒரு சின்ன பென் டிரைவை ஃபேட்32லயே விட்டு எம்பி4 மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க, ஐஎஸ்ஓ ஹார்ட் டிஸ்க்ல இருக்கட்டும். கோப்புக்குப் பேர் வைக்கும்போது வருஷத்தை முன்னாடி போடுங்க, "2009 அக்கா கல்யாணம் 1"னு. அப்பத்தான் வரிசையா நிக்கும்.